அணைக்கரையில் ஓர் இரவு... பண்ணைக்குட்டைக்கு ஒரு பாடம்!

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம், உடுமலையிலிருந்து தளி வழியாகத் திருமூர்த்திமலைக்குப் போகும் சாலையில் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போவதை இன்றும் பார்க்கலாம். காளைகளின் கழுத்தில் சலங்கை, வண்டிக்குள் பாய், போர்வை, பாத்திரம், விறகு, குழந்தை குட்டிகள். பின்னாலேயே டிராக்டர், மினி வேன், பைக் என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். இரவு மலையடிவாரத்தில் தங்கி, விடியற்காலையில் குளித்து, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, அமணலிங்கேசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புவது இந்தப் பகுதி விவசாயிகளின் பழக்கம்.

பட்டணத்துப் பிள்ளைகள் கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு போய் 'கேம்பிங்' என்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் பேர் வைக்காமலே அதைச் செய்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் தோட்டத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, நமக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வருவார்கள்.

திருமூர்த்தி அணையைப் பார்த்தால் அது புரியும். 60 அடி உயரமுள்ள இந்த அணைக்குச் சர்க்கார்பதியிலிருந்து காண்டூர் கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. மலைச்சரிவைக் குடைந்தும் வெட்டியும் 49 கிலோமீட்டர் வரும் கால்வாய் அது. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தை 1961 அக்டோபர் 7 அன்று பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். காமராஜர் முதல்வர், சி.சுப்பிரமணியம் அமைச்சர். மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிய திட்டம். இன்று அந்தப் பாசனப் பரப்பு நான்கு மண்டலமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முறைத்தண்ணீர் விடப்படுகிறது.

நடுவில் வரும் அந்தத் தண்ணீர் இல்லாத காலத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் வாய்க்கால் பாசனக்காரர்களின் கவலை. பல பேர் பண்ணைக்குட்டை வெட்டியதும், வெட்டிய குட்டையில் மீன் விட்டதும் அதனால்தான். பொள்ளாச்சிக்குக் கிழக்கே நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பமும் அப்படித்தான் மீன் விட்டது.

நாலாயிரம் குஞ்சும் எழுபது கிலோ மீனும்

அவர்கள் தோப்பில் 20 சென்ட் பரப்பில் ஒரு மண்குட்டை. வாய்க்கால் தண்ணீரையும் போர் தண்ணீரையும் தேக்கி, அங்கிருந்து சொட்டுநீர்க் குழாய்க்கு எடுப்பார்கள். ஐப்பசியில் ஊர் ஊராக மீன்குஞ்சு விற்று வந்த ஒருவரிடம் 4,000 குஞ்சு வாங்கி விட்டார் வீட்டுக்காரர். பணம் மனைவியுடையது. பால் சொசைட்டியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் தொகையில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது.

குஞ்சு விட்டபோது ஒவ்வொன்றும் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. குட்டையில் ஏற்கெனவே விரால் கிடந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காலையில் நீர்க்காகம் வந்து முங்கும். சாயங்காலம் மீன்கொத்தி கம்பத்தில் உட்காரும். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் வலை போட்டு அரித்தார்கள். எல்லாம் சேர்த்து எழுபது கிலோகூடத் தேறவில்லை. ஒரு மீன் சராசரி நூறு கிராம். வாங்க வந்த வியாபாரி தட்டைப் பார்த்துவிட்டு, "இதைக் கருவாட்டுக்குத்தானுங்க போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் மீன் என்ற பேச்சே வராது. மறுபடி விடலாம் என்று வீட்டுக்காரர் சாடையாகச் சொன்னால், "மாட்டுக்காசு மறுபடி குட்டைக்குப் போகாதுங்க" என்று மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனின் பள்ளிக் கட்டணம் அந்தப் பணத்திலிருந்துதான் போக வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் ஆடி அமாவாசை வந்தது. வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தைந்து வயது. "ரெண்டு வருஷமாப் போகலை. இந்த வாட்டி எல்லாரும் வாங்க. திரும்பறப்ப ஆழியாறு போயிட்டு வருவோம்" என்றார். மகன் மினி வேன் பிடித்தார்.

தூண்டில் எங்கே போடலாம்?

திருமூர்த்திமலையில் கோயிலுக்குப் பக்கத்தில் எல்லாக் குடும்பங்களும் தங்கும் திடலில் இடம் பிடித்தார்கள். மூன்று கல் கூட்டி அடுப்பு. அரிசிம்பருப்புச் சாதம், சுட்ட அப்பளம், வீட்டிலிருந்து கொண்டு வந்த மோர். அமாவாசை முடிகிற வரை கவுச்சி கிடையாது என்று அப்பத்தா முன்பே சொல்லிவிட்டார். பையன் வேனுக்குள் ஒளித்து வைத்திருந்த தூண்டிலை எடுத்தான்.

"அப்பாரு, அணைல போட்டுப் பாக்கட்டுமா?"

"அது நம்ம குட்டை இல்ல கண்ணு. ஊருக்கு ஊரு குத்தகை, சங்கம்னு இருக்கும். கேக்காமப் போடறது அடுத்தவன் தோப்புல தேங்கா பறிக்கிற மாதிரி."

பெரியவர் சொன்னது சரியான விவரம். நீர்த்தேக்கத்து மீன் பொதுச் சொத்து என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் நீர்வளத் துறையின் பொறுப்பு. மீன்பிடி உரிமை தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்திடமோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ, குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும். 1974ல் தொடங்கப்பட்ட இந்தக் கழகம், மாநிலத்தின் பெரிய நீர்த்தேக்கங்கள் பலவற்றில் குஞ்சு விட்டுப் பிடிக்கிற வேலையைச் செய்து வருகிறது. காசு போட்டுக் குஞ்சு விட்டவருக்கு அந்த மீனில் பாத்தியதை உண்டு. தூண்டில் போட ஆசைப்பட்டால் அங்குள்ள மீன்வள அலுவலகத்தில் கேட்டு, அனுமதி உண்டென்றால் மட்டும் போட வேண்டும்.

பெரியவர் தடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அணையின் கரை குளத்தின் கரை மாதிரி சீராக இறங்காது. ஒரு அடி முழங்கால் ஆழம், அடுத்த அடி ஆள் ஆழம். வண்டல் படிந்த இடத்தில் கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 2008ல் இதே திருமூர்த்திமலையில் அருவிக்குப் போனவர்களில் பலரைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. ஓடையில் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தால், துணிமணியைத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

"இந்தத் தண்ணிய நம்பித்தான் பொழைக்கிறோம். ஆனா எறங்கறப்ப அதை நம்பக் கூடாது சாமி" என்று பெரியவர் சொன்னதும் பையன் தூண்டிலை மடக்கி வைத்தான். இரவு பாயில் படுத்தபடி, இந்தத் திட்டத்துக்கு முந்தி ஊரில் கவலை இறைத்த கதையைச் சொன்னார் அப்பாரு. பையன் தூங்கிப்போனான். மருமகள் மட்டும் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆழியாறு மீன் சொன்ன கணக்கு

தர்ப்பணமும் சாமி கும்பிடுவதும் முடிந்து, அன்று இரவு ஆனைமலையில் உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஆழியாறு. வால்பாறை மலைப்பாதை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் 1962ல் கட்டி முடிக்கப்பட்ட, 120 அடி உயர அணை. சாயங்காலம் விரித்த செவுள் வலைகளை விடியற்காலையில் எடுத்துக்கொண்டு பரிசல்கள் கரைக்கு வரும் நேரம். கட்லாவைத் தூக்கித் தராசில் போட்டபோது பையன் வாயைப் பிளந்தான். ஒன்றே நாலு கிலோவுக்கு மேல்.

மகன் வலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் வீட்டு வலையில் சுண்டுவிரல் நுழைவதே கஷ்டம். இதில் கையே நுழைந்தது.

"ஏனுங்ணா, கண்ணு இவ்வளவு பெருசா இருந்தா மீனு தப்பிச்சுப் போயிராதா?"

"தப்பிச்சுப் போகட்டும்னுதானுங்ணா இந்தக் கண்ணு" என்று சிரித்தார் பரிசல்காரர். "சின்னது போயிரும், பெருசு மாட்டும். சின்னதையும் புடிச்சா அடுத்த வருஷம் எதைப் புடிக்கறது?"

பரிசல்காரர் சொன்னதற்குப் பின்னால் ஆழியாற்றின் பழைய கதை ஒன்று இருக்கிறது. நாட்டின் நீர்த்தேக்க மீன்வளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் கதை அது.

ஆழியாறு நீர்த்தேக்கம் சுமார் 650 ஹெக்டேர் பரப்பு. 1964-65ல் அங்கே ஒரு ஹெக்டேருக்குக் கிடைத்த மீன் 2 கிலோகூட இல்லை. குஞ்சு விடாமல் இல்லை. ஒரு வருஷம் ஹெக்டேருக்கு 500, இன்னொரு வருஷம் 2,500 என்று கணக்கில்லாமல் விட்டார்கள். மெதுவாக வளரும் மீனும் சேர்ந்து கிடந்தது. விட்டதெல்லாம் சிறு குஞ்சு. பெரும்பகுதி மற்ற மீன்களுக்கு இரையானது. மிஞ்சியது வளர்வதற்குள் வலையில் விழுந்தது.

மேற்கு வங்கம் பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1980களில் இங்கே முறையை மாற்றினார்கள். மாற்றியது ஐந்து விஷயம்.

ஒன்று, வேகமாக வளரும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை மட்டும் விட்டார்கள். இரண்டு, 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சை விடவில்லை. மூன்று, எண்ணிக்கையைக் குறைத்து ஹெக்டேருக்கு 235 முதல் 300 வரை என்று வைத்தார்கள். நான்கு, எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துப் பிரித்து விட்டார்கள். ஐந்து, வலைக் கண்ணின் அளவைக் கட்டுப்படுத்தி, ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லா, ரோகு, மிர்காலைப் பிடிக்கத் தடை போட்டார்கள்.

1990ல் அதே நீர்த்தேக்கத்தில் ஹெக்டேருக்கு 194 கிலோ மீன் கிடைத்தது. தண்ணீர் அதேதான், அணையும் அதேதான். தீவனம் எதுவும் போடவில்லை. விட்ட குஞ்சு குறைந்தது, கிடைத்த மீன் கூடியது.

கட்லா தானாகப் பெருகாது

பையனுக்கு ஒரு சந்தேகம். "ஜிலேபி மீன் மட்டும் விடாமலே வருதே?"

நல்ல கேள்வி. ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா 1952ல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்ட மீன். தாய்மீன் முட்டையை வாயில் வைத்துப் பொரித்து, குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். தேங்கிய தண்ணீரிலேயே வருஷத்தில் பல முறை இனப்பெருக்கம் செய்யும். அமராவதி அணையில் அது பெருகிப் பெயர் வாங்கியது. ஆனால் நம் சின்னக் குட்டையில் அது புகுந்துவிட்டால் கூட்டம் பெருகி, தீனிக்குப் போட்டி போட்டு, எதுவும் பெரிதாக வளராமல் போகும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். மழைக்காலத்தில் ஆறு பெருக்கெடுத்து ஓடும்போதுதான் முட்டையிடும். தேங்கிய குட்டையில் எத்தனை வருஷம் கிடந்தாலும் முட்டையிடாது. முன்பெல்லாம் வங்காளத்து ஆறுகளில் முட்டையையும் குஞ்சையும் அரித்து, ரயிலில் அனுப்புவார்கள். எது என்ன குஞ்சு என்று பிரிக்கவே முடியாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் டாக்டர் ஹிராலால் சௌத்ரி, மீனின் மூளையடியில் உள்ள சிறு சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, தேங்கிய தண்ணீரில் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். நம் நாட்டில் மீன்குஞ்சுப் பண்ணைகள் உண்டானது அதற்குப் பிறகுதான். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாக ஒவ்வொரு ஆண்டும் கொண்டாடுகிறோம்.

ஆக, தராசில் கிடந்த அந்த நாலு கிலோ கட்லா யாரோ ஒருவர் குஞ்சாகக் கொண்டு வந்து விட்டது. அது வளரும் வரை இன்னும் பல பேர் கை வைக்காமல் பொறுத்திருந்தார்கள்.

மருமகள் அதுவரை பேசவில்லை. மீன் வறுவல் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார். "ஏனுங்க, நாம விட்டது எவ்வளவு நீளம் இருந்துச்சு?"

வீட்டுக்காரர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"அப்போ நாம மீன் வளக்கலைங்க. விராலுக்குத் தீனி போட்டிருக்கோம்" என்றார்.

குட்டைக்கு வந்தால் எப்படி?

அணைக் கணக்கை அப்படியே குட்டைக்குப் போட முடியாது. நீர்த்தேக்கத்தில் தீவனம் கிடையாது. அதனால் ஹெக்டேருக்கு 300 குஞ்சே போதும். எருவும் தீவனமும் போடுகிற பண்ணைக்குட்டையில் ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 வரை விடலாம். பழக்கம் இல்லாதவர்கள் 3,000த்தைத் தாண்டக் கூடாது. அந்தக் குடும்பத்தின் 20 சென்ட் குட்டைக்கு அது 600 குஞ்சு. அவர்கள் விட்டதோ 4,000. முறை மட்டும் அணைக்கும் குட்டைக்கும் ஒன்றுதான்: பெரிய குஞ்சு, அளவான எண்ணிக்கை, அவசரப்படாத வலை. அந்த 20 சென்ட் குட்டையையே வைத்து வரிசையாகப் பார்க்கலாம்.

விராலை வெளியேற்றுதல்: முடிந்தால் குட்டையை வற்றவிட்டு, தரை வெடிக்கும் வரை காயவிட வேண்டும். வற்றவிட முடியாவிட்டால் இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்கு ஒரு டன், 20 சென்டுக்கு 200 கிலோ. விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாம் செத்து மிதக்கும். அவற்றை அரித்து எடுத்துவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து நஞ்சு முறிந்து, புண்ணாக்கே எருவாகிவிடும். அந்த மூன்று வாரமும் ஆடு மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பும் சாணமும்: 20 சென்டுக்குச் சுமார் 20 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்து, ஒரு வாரம் கழித்து 200 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்து விட வேண்டும். அதன்பின் மாதம் ஐம்பது, அறுபது கிலோ போதும். இரண்டு வாரத்தில் தண்ணீர் லேசான பச்சை, பழுப்பு நிறத்துக்கு வரும். முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாக மறைந்தால் சரியான பதம். மணிக்கட்டு நனைவதற்குள் விரல் மறைந்தால் எரு அதிகம், சாணத்தை நிறுத்த வேண்டும். தண்ணீர் ஆழம் எப்போதும் 5 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டையில் இயற்கைத் தீனி குறைவாகத்தான் உண்டாகும். அங்கே குஞ்சை இன்னும் குறைக்க வேண்டும்.

குஞ்சு: 10 சென்டிமீட்டர் அளவுள்ள விரலிகள் 600. மேல்மட்டத்தில் மேயும் கட்லா 240, நடுவில் மேயும் ரோகு 180, அடியில் மேயும் மிர்கால் 180. மூன்றும் ஒன்றின் தீனியில் ஒன்று கை வைக்காது. ஆழியாறிலும் திருமூர்த்தி நகரிலும் மீன்குஞ்சுப் பண்ணைகள் இருக்கின்றன. மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் எந்த நாளில் எந்த அளவுக் குஞ்சு கிடைக்கும் என்று சொல்வார்கள். குஞ்சுப் பையைக் கால் மணி நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, காலையிலோ மாலையிலோ விட வேண்டும்.

தீவனம்: தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு. மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு. 600 மீன் ஆளுக்கு 100 கிராம் இருந்தால் மொத்தம் 60 கிலோ, அதற்குத் தினமும் ஒன்றேகால் முதல் ஒன்றே முக்கால் கிலோ. வாரிக் கொட்டாமல், ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டால் வீணாகாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் போதவில்லை என்று அர்த்தம். உடனே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்திவிட்டு, மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீரைத் தூரலாகப் பாய்ச்ச வேண்டும்.

வலை: எட்டு முதல் பத்து மாதத்தில் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரும். பெரியதைப் பிடித்துச் சின்னதை விட்டுவிடும் கண்ணுள்ள வலையே போட வேண்டும்.

மருமகள் வேனில் திரும்பும்போது பையனின் நோட்டில் எழுதிப் பார்த்தார். 600ல் நூற்றுக்கு எண்பது பிழைத்தால் 480. முக்கால் கிலோ வீதம் 360 கிலோ. "பாதி வந்தாலும் போன வருஷத்தைப் போல ரெண்டரை மடங்கு" என்றார். பிறகு நிபந்தனை போட்டார். குஞ்சு வாங்கத் தானும் வருவேன். விராலை எடுத்தது தெரிந்த பிறகுதான் காசு. செலவுக் கணக்கு தன் நோட்டில்தான் இருக்கும். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெரியவர் முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமலே, "அம்மணி சொல்றபடி செய்யப்பா" என்றார்.

ஆவணி கடைசியில் குஞ்சு விட்டார்கள். வைகாசியில் வலை போட்டபோது 290 கிலோ கிடைத்தது. மருமகள் கணக்குப் போட்ட 360 வரவில்லை. மார்கழிப் பனியில் ஒரு நாள் விடியலில் ஆக்ஸிஜன் குறைந்து ஐம்பது அறுபது மீன் செத்ததும், நீர்நாய் ஒன்று வந்து போனதும் காரணம். அரைக் கிலோவுக்குக் கீழே இருந்தவற்றைத் திரும்பக் குட்டையிலேயே விட்டார்கள். மாட்டுக்காசு முழுக்கத் திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் பையனின் கட்டணம் போனதும் அதிலிருந்துதான்.

அணைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு

ஆடியிலும், பள்ளி விடுமுறையிலும் குடும்பத்தோடு அணைப் பக்கம் போவது நல்ல பழக்கம். சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

திருமூர்த்தி, ஆழியாறு, அமராவதி மூன்றும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியவை. கோடையில் யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கி வரும். வனத்துக்குள் அனுமதி இல்லாமல் இரவு தங்குவது, நெருப்பு மூட்டுவது இரண்டும் குற்றம். கோயில் திடல், தங்கும் விடுதி போன்ற அனுமதித்த இடங்களில் மட்டும் தங்குங்கள். அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன. அங்கே கரையோரத்தில் கால் கழுவக்கூட இறங்க வேண்டாம். தண்ணீரில் பரிசலில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டால், காரமடைப் பக்கம் பில்லூர் நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள பரளிக்காட்டில் வனத்துறையே பழங்குடி மக்களைக் கொண்டு பரிசல் பயணமும் அவர்கள் கைச்சமையலும் ஏற்பாடு செய்கிறது. முன்பதிவு செய்ய வேண்டும்.

வீட்டுக் குட்டையில் மிஞ்சிய மீனைப் புண்ணியம் என்று நினைத்து அணையிலோ ஆற்றிலோ விடாதீர்கள். முக்கியமாக ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்ப்பதற்கே தடை இருக்கிறது. ஒரு முறை ஆற்றில் புகுந்தால் அயிரை, கெண்டை என்று நம் நாட்டு மீன் எதையும் விட்டு வைக்காது.

அணைக்கரையில் மீன் வாங்கும்போது, கை நீளம்கூட இல்லாத கட்லா, ரோகுவைக் கூறுகட்டி வைத்திருந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரைதான் சின்னக் கண் வலை ஓடும்.

இந்த ஆவணி, புரட்டாசியில் குட்டைக்குக் குஞ்சு வாங்கப் போகிறவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேலைக் கையோடு எடுத்துப் போங்கள். தொட்டியிலிருந்து பத்துக் குஞ்சைத் தட்டில் எடுத்து வைத்து அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.